முழங்காலும் காரைநகர் வீதியும்

யாழ்ப்பாணத்திலே மலையில்லை என்று புவியியல் நூல்கள் கூறும். சுண்ணாம்புக் கற்பாறையின்மேற் படிந்த மெல்லிய மண்போர்வையே இக்குடாநாடு. இதன் பெரும்பகுதி கடல்மட்டத்திலிருந்து 10 மீற்றர் உயரத்தைக்கூடத் தாண்டுவதில்லை. துவிச்சக்கரவண்டிக்கென்றே பரப்பி வைத்த நிலம் என்று வெளியூர் அன்பர்கள் வியப்பதுண்டு. ஆயின், வைகாசி பிறந்து சோளகம் எழுந்த பின்பு பண்ணைத் தாம்போதியிலோ பொன்னாலைப் பாலத்திலோ ஒருமுறை சைக்கிள் உழக்கியவர் அவ்வாறு சொல்லார். எமது நாட்டிற் காற்றே மலை. வைகாசி தொடக்கம் புரட்டாதி வரை தென்மேற்கே எழுந்து நிற்கும் அந்த மலை கண்ணுக்குத் தெரிவதில்லை, முழங்காலுக்குத் தெரியும்.

அந்த மலையை நோவுற்ற முழங்காலோடு கடந்து, காரைநகருக்குப் போய்வந்த ஒருநாட் பயணத்தைப் பற்றியே ஈண்டு எழுதப் புகுந்தோம். முழங்கால் நோவு வீட்டுக்கு வீடு உள்ளது. நாற்பது வயதைக் கடந்த இருவர் கோயில் வீதியிற் சந்தித்தால், மழையிலும் விலைவாசியிலும் தொடங்கிய பேச்சு முழங்காலில் வந்து முடிவதைக் காணலாம். அந்நோவு கண்டவுடன் வீட்டார் சொல்லும் முதல் வார்த்தை, “இனிச் சைக்கிளை விடுங்கோ” என்பதாகும். விடத்தான் வேண்டுமா? இதுவே எம்முன் நின்ற வினா.

இவ்வினா எமக்குச் சிறிய வினாவன்று. எம் தந்தையார் தமது ஐம்பத்தெட்டாம் வயதில் முழங்கால் நோவின் பொருட்டுச் சைக்கிளைச் சுவரிற் சாத்தினார். அடுத்த மாரிக்குள் சந்தைக்கு நடந்து செல்வதும் நின்றது. பின்னர் கோயிலுக்குச் செல்வது வெள்ளிக்கிழமைகளில் மாத்திரம் என்றாயிற்று. பின்னர் திருவிழா நாட்களில் மாத்திரம் என்றாயிற்று. கடைசியில் வீட்டுப் படலைவரை சென்று வீதியைப் பார்த்து நிற்பதே அவருடைய பயணமாயிற்று. நோவு தணிந்தது உண்மையே. ஆயின் கால் போயிற்று. சைக்கிளை விட்டவர் பலர் சில ஆண்டுகளில் நடையையும் விட்டதை எம் அயலிலே கண்டிருக்கின்றோம். ஆதலின், வீட்டார் அன்போடு சொன்ன அறிவுரையை உடனே ஏற்றுக்கொள்ள மனம் ஒருப்படவில்லை.

சைக்கிளும் குடாநாடும்

யாழ்ப்பாணத்தார்க்குச் சைக்கிள் வெறும் வாகனமன்று. சங்கக்கடை அரிசியும், விறகுக் கட்டும், வாழைக்குலையும், பாலர் வகுப்புப் பிள்ளையும் அதன் கரியரிலும் பாரிலும் ஏறியே வீதி கண்டன. 1990 ஆம் ஆண்டு தொடங்கிய பொருளாதாரத் தடைக் காலத்தில் பெற்றோல் காண்டற்கரிய பொருளாயிற்று, மின்சாரமும் இல்லை. அவ்வாண்டுகளில் நாம் சிறுவர். சைக்கிளைத் தலைகீழாய் நிறுத்திப் பெடலைக் கையாற் சுழற்றுவோம்; டைனமோவிற் பிறக்கும் மின்னில் வானொலி பேசும்; பெரியோர் சூழ்ந்திருந்து செய்தி கேட்பர். 1995 ஒக்ரோபர் 30 இல் வலிகாமத்து மக்கள் தென்மராட்சி நோக்கி இடம்பெயர்ந்தபோது, வீட்டின் மிச்சத்தைச் சுமந்ததும் சைக்கிளே. ஏறிச்செல்ல வீதியில் இடமின்றி அதனை உருட்டியே சென்றனர். 2022 இல் நாடெங்கும் எரிபொருள் தட்டுப்பாடு வந்தபோது, மூலையிற் கிடந்த வண்டிகள் துருத் துடைக்கப்பட்டு மீண்டும் வீதிக்கு வந்தன. இத்தனை சுமையையும் தாங்கிய உறுப்பு யாதெனின், முழங்காலே. அதனை நாம் நினைப்பதோ அது நோகும்போது மாத்திரம்.

எமக்கு நோவு கண்டது வலது முழங்காலில், சிரட்டைக்கு முன்பாகவும் அதன் கீழாகவும். மாடிப்படி இறங்கும்போது தெரியும். நெடுநேரம் அமர்ந்திருந்து எழும்போது தெரியும். எதிர்க்காற்றில் வண்டியை உழக்கும்போது நன்றாகவே தெரியும். நோவெண்ணெய் பூசினால் ஓரிரவு தணியும். மறுநாள் மாலை கல்லூரி விட்டு வரும் வழியில் மீண்டும் தலைகாட்டும். இவ்வாறு ஐந்து மாதம் சென்றபின் மருத்துவரை நாடினோம். அவர் காலை மடக்கியும் நீட்டியும் பார்த்துக் கதிர்ப்படமும் எடுப்பித்து, மூட்டுத் தேய்வின் தொடக்கம் என்றார். வீக்கமில்லை, மூட்டுப் பூட்டிக்கொள்வதில்லை, நடக்கையிற் கால் தளர்ந்து மடிவதுமில்லை. ஆகவே சைக்கிளை விடவேண்டியதில்லை, ஓடும் முறையை மாற்றினாற் போதும் என்பது அவர் தீர்ப்பு.

அவர் கூறிய காரணம் எமக்குப் புதியது. நடக்கும்போது முழங்கால் மூட்டில் விழும் சுமை உடலெடையின் இரண்டு மடங்குக்கும் மேலாம். படியேறி இறங்கும்போது அது இன்னும் கூடும். சமநிலத்தில் அளவாகச் சைக்கிள் உழக்கும்போதோ அச்சுமை உடலெடையை ஒட்டியே நிற்கும்; உடலின் பாரத்தை இருக்கை தாங்குகின்றதன்றோ! நோவுற்ற மூட்டை முற்றாக ஓய்வில் வைத்தால் தொடைத்தசை மெலியும். தசை மெலிந்தால் அது தாங்கிய சுமையும் மூட்டின்மேல் வந்து விழும். இதனைக் கேட்டபோது எம் தந்தையாரின் படலை எம் கண்முன் வந்து நின்றது.

இயன்மருத்துவர் தந்த பயிற்சிகள் மிக எளியவை. நாற்காலியில் நிமிர்ந்தமர்ந்து ஒரு காலை நேரே நீட்டி, தொடைத்தசையை இறுக்கி, ஐந்து எண்ணும்வரை நிறுத்திப் பின் மெல்லத் தாழ்த்துதல். ஒவ்வொரு காலுக்கும் பத்து முறை. நாற்காலியிலிருந்து கையூன்றாமல் எழுந்து மெதுவாக அமர்தல். அதுவும் பத்து முறை. எட்டு வாரம் இவற்றை விடாது செய்தோம்.

இரண்டு விரற்கடை உயரம்

அடுத்து வண்டியைக் கவனிக்கவேண்டியிருந்தது. எம் வீட்டுக்கு அண்மையிற் சைக்கிள் திருத்தும் முதியவர் ஒருவர் உள்ளார். நாம் நோவைச் சொல்லி முடிக்குமுன் அவர் எம்மை வண்டியில் ஏற்றிச் சுவரைப் பிடிக்கச் செய்து, காலைப் பார்த்தார்.

“மாஸ்டர், கால் நிலத்திலை முட்டோணும் எண்டுதான் எல்லாரும் சீற்றைப் பதிச்சு வைக்கினம். நிக்கிறதுக்கு அது வசதி, ஓடுறதுக்கு வசதியில்லை” என்றார்.

“அப்ப எவ்வளவு உயர்த்தோணும் அண்ணை?” என்று கேட்டோம்.

அவர் அளவுகோல் எடுக்கவில்லை. பெடலைக் கீழே இறக்கி, அதன்மேற் குதிக்காலை வைக்கச் சொன்னார். அந்நிலையிற் கால் நேராக நீளவேண்டும். பின்னர் முன்பாதத்தைப் பெடலில் வைத்தால் முழங்கால் சிறிது வளைந்து நிற்கும். அதுவே தக்க உயரம். மருத்துவ நூலார் இவ்வளைவை 25 முதல் 35 பாகை வரை என்பர். முதியவரின் குதிக்கால் அளவு அதே கணக்குக்கு அண்மையிலேயே வந்து சேர்கின்றது. சீற்று இரண்டு விரற்கடை உயர்ந்தது.

இன்னொன்றும் செய்தார். எமது வண்டியின் முன் பற்சக்கரத்துக்கு 44 பற்கள். பின்சில்லின் பிறீவீலுக்கு 18 பற்கள். அந்தப் பிறீவீலைக் கழற்றி, 22 பற்கள் கொண்ட ஒன்றைப் பூட்டி, செயினுக்கு ஒரு கண்ணி சேர்த்தார். மாணவர்கள் இக்கணக்கைத் தாமே செய்து பார்க்கலாம். 28 அங்குலச் சில்லு ஒருமுறை சுழன்றால் வண்டி ஏறக்குறைய 2.23 மீற்றர் செல்லும். முன்பு பெடலின் ஒரு சுற்றுக்கு 5.46 மீற்றர் சென்ற வண்டி, இப்பொழுது 4.47 மீற்றரே செல்லும். காரைநகர்வரை ஏறக்குறைய 20 கிலோமீற்றர் என்று கொண்டால், 3,660 சுற்றுக்குப் பதிலாக 4,475 சுற்று உழக்கவேண்டும். முழங்கால் எண்ணூறு தடவைக்கு மேல் அதிகமாக மடங்கும். ஆயின் ஒவ்வொரு மிதியிலும் கால் இடவேண்டிய விசை நூற்றுக்கு 18 பங்கு குறையும். நோவுற்ற மூட்டுக்குப் பலமுறை மெல்ல மடங்குவது துன்பமன்று. சிலமுறை வலிந்து மடங்குவதே துன்பம். பத்து மூடையை ஒரே தடவையிற் சுமப்பவனுக்கும், ஒவ்வொன்றாய்ச் சுமப்பவனுக்கும் உள்ள வேறுபாடே இது.

நகரிலிருந்து மானிப்பாய்க்கு

ஆனி மாதத்து ஞாயிற்றுக்கிழமையொன்றில், காலை 5 மணிக்கு நகரிலிருந்து புறப்பட்டோம். சோளகம் இரவில் அடங்கி, வெயில் ஏற ஏற வலுக்கும் இயல்பினது. ஆதலின் விடியுமுன் கிளம்புவோர் மலையின் அடிவாரத்தை உறங்கும்போதே கடந்துவிடலாம். ஓட்டுமடம் தாண்டியதும் வீடுகளின் விளக்குகள் ஒவ்வொன்றாய் எரியத் தொடங்கின. முற்றம் பெருக்கும் ஓசையும், பால்காரரின் மணியோசையும் அன்றி வீதியில் வேறொலி இல்லை.

ஆனைக்கோட்டை பழமையான ஊர். 1980 ஆம் ஆண்டு யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தார் இங்கே அகழ்ந்தபோது பெருங்கற்காலத்து ஈமப் புதையலும், அதனோடு எழுத்துப் பொறித்த சிறு முத்திரையொன்றும் வெளிப்பட்டன. இப்பக்கத்தில் உயரப்புலம் என்றொரு குறிச்சி உண்டு. பெயரிலே உயரம் இருக்கின்றது. சைக்கிளில் வருபவர் அதனை உணர்வதற்கில்லை. சில அடி மேட்டையும் உயரம் என்று போற்றும் நாடு எமது நாடு.

மானிப்பாய் மருதடி விநாயகர் கோயில் மணி ஒலிக்கையில் நாம் அவ்வீதியை அடைந்தோம். முப்பது நிமிடத்துக்கு ஒருமுறை இறங்கிக் காலை நீட்டவேண்டும் என்பது இயன்மருத்துவர் இட்ட விதி. ஆதலின் வண்டியை மரநிழலிற் சாத்திவிட்டுச் சிறிது நடந்தோம்.

முழங்காலை நினைத்து மானிப்பாயில் நிற்பவன் ஒருவரை நினையாதிருத்தல் இயலாது. அவர் அமெரிக்க மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன். 1847 இல் யாழ்ப்பாணம் வந்து, மானிப்பாயில் மருத்துவமனை நடத்தி, 1860களிலிருந்து மேனாட்டு மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்தவர் அவர். அறுவை மருத்துவம் பற்றிய ‘இரணவைத்தியம்’ 1867 இலும், உடற்கூற்று நூலான ‘மனுஷ அங்காதிபாதம்’ 1872 இலும் அவர் முயற்சியால் வெளிவந்தன. எலும்புக்கும் நரம்புக்கும் நாருக்கும் தமிழிற் சொல் தேடி, இவ்வூர் இளைஞர்களுக்கு அவற்றைச் சொல்லிக்கொடுத்த இடம் இது. அவர் பெயரால் அமைந்த வைத்தியசாலை இன்றும் இங்கு உண்டு. எமது நோவை எமது மொழியிலேயே மருத்துவரிடம் நாம் சொல்ல முடிந்ததற்கும், அவர் விளக்கியதை நாம் விளங்கிக்கொள்ள முடிந்ததற்கும் பின்னால் இத்தகையோர் உழைப்பு நிற்கின்றது.

முழங்காலின் அமைப்பை எம்மவர்க்கு விளக்கப் பெரிய நூல் வேண்டியதில்லை. வீட்டுக் கிணற்றைக் காட்டினாற் போதும். கப்பியின்மேற் கயிறு ஓடி வாளியை உயர்த்துகின்றது. அவ்வாறே தொடைத்தசையின் தடித்த நார் முழங்காற் சிரட்டையின் வழியாகச் சென்று கீழ்க்காலை நீட்டுகின்றது. சிரட்டை கப்பி, நார் கயிறு, கீழ்க்கால் வாளி. கால் மிக மடங்கியிருக்கும்போது இழுத்தால், சிரட்டை தன் பின்னுள்ள எலும்பின்மேல் மிகுந்த வலுவோடு அழுந்தும். சீற்று மிகத் தாழ்ந்திருந்தால் ஒவ்வொரு மிதியும் இவ்வாறே தொடங்குகின்றது. கப்பி நோகின்றதென்று கிணற்றைத் தூர்ப்பார் இல்லை. கயிற்றின் ஓட்டத்தையே சரிசெய்வர்.

வயலும் சந்தையும்

மானிப்பாய் கடந்து சண்டிலிப்பாயை அணுகும்போது பொழுது புலர்ந்தது. இப்பக்கத்திலேதான் வழுக்கையாறு செல்கின்றது. குடாநாட்டின் ஒரே ஆறு என்று பெயர் பெற்ற இது மாரியில் மாத்திரம் ஓடும். ஆனியில் அது ஆறென்று சொன்னாலே அறியலாம். இருபுறமும் அறுவடை முடிந்த வயல், அப்பாற் பனைகள். வயல்வெளியில் முதன்முறையாகக் காற்று எம் இடக்கன்னத்தைத் தொட்டது. மெல்லிய காற்றுத்தான், ஆயினும் முன்னே என்ன காத்திருக்கின்றது என்பதற்கு அது முன்னறிவிப்பு.

சைக்கிள் ஓடுவோர் தம் முழங்கால் நோவை இடமறிந்து நோக்கல் வேண்டும். நோவு முன்புறத்தில், சிரட்டையைச் சுற்றி இருந்தால், பெரும்பாலும் சீற்றுத் தாழ்ந்திருக்கும், அல்லது மிதி பாரமாயிருக்கும். பின்புறத்தில், மடிப்பில் இருந்தால், சீற்று அளவுக்கு மேல் உயர்ந்திருக்கலாம். உட்புறத்திலோ வெளிப்புறத்திலோ இருந்தால், பாதம் பெடலில் கோணலாக அமர்கின்றதா, பெடலின் அச்சு வளைந்திருக்கின்றதா என்று பார்த்தல் தகும். விழுந்த வண்டியின் பெடல் சிறிது வளைந்திருப்பது கண்ணுக்குத் தெரியாது. ஆயிரக்கணக்கான சுற்றின்பின் முழங்கால் அதனைச் சொல்லும்.

சங்கானைச் சந்தையை அடைந்தபோது அங்கே வியாபாரம் தொடங்கியிருந்தது. கத்தரியும் வெண்டியும் முருங்கைக்காயும் சாக்குகளிலிருந்து சொரியப்பட்டன. ஒரு தேநீர்க் கடையில் அமர்ந்து இடியப்பமும் சம்பலும் உண்டு, தேநீர் அருந்தினோம். முன்னே பத்து அல்லது பதினொரு வயதுச் சிறுவன் ஒருவன் தகப்பனின் பெரிய வண்டியில், பாருக்குக் கீழாகக் காலை நுழைத்துக் கோணலாக உழக்கிச் சென்றான். அவன் பின்னே உயர்ந்து வளர்ந்த மாணவி ஒருத்தி, தன் சிறுவயதில் வாங்கிய சிறிய வண்டியில் முழங்கால் கைபிடியில் முட்ட முட்டச் சென்றாள். ஆண்டுதோறும் பிள்ளைகளுக்குச் சட்டை அளவு மாற்றுகின்றோம். சப்பாத்து அளவு மாற்றுகின்றோம். சீற்றின் அளவை மாற்ற நினைப்பவர் சிலரே. இதற்குக் காசும் வேண்டியதில்லை. ஒரு சாவியும் ஐந்து நிமிடமும் போதும்.

பொன்னாலைப் பாலம்

மூளாய் கடந்து பொன்னாலை வரதராஜப் பெருமாள் கோயிலைத் தொழுது அப்பாற் சென்றதும், நிலம் முடிந்தது. முன்னே ஆழமற்ற கடல். அதன் நடுவே நீண்ட தாம்போதி. தொலைவிற் பனைவரிசையாய்க் காரைநகர். இருமருங்கும் களங்கட்டிகளின் தடிகள் நீரில் வரிசையாய் நின்றன. கொக்குகள் காற்றுக்கு முகம் கொடுத்து ஒற்றைக்காலில் நின்றன. மரமில்லை, நிழலில்லை, ஒதுங்க ஒரு சுவருமில்லை.

நேரம் 7 மணியைத் தாண்டியிருந்தது. சோளகம் விழித்துக்கொண்டது. பாதை மேற்கு நோக்கிச் செல்ல, காற்று இடமுன்புறமாக எம்மை எதிர்த்தது. காற்றின் தடை எவ்வளவு என்பதற்கும் ஒரு கணக்கு உண்டு. அத்தடை, வண்டிக்கும் காற்றுக்கும் உள்ள ஒப்பு வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப வளரும். அமைதியான காற்றில் மணிக்கு 15 கிலோமீற்றர் வேகத்தில் ஓடுபவருக்கு, மணிக்கு 20 கிலோமீற்றர் வேகத்தில் நேரெதிரே காற்று வீசினால், ஒப்பு வேகம் 35 ஆகும். அதே வேகத்தை விடாது பிடிக்க முயன்றாற் காற்றின் தடை ஐந்து மடங்குக்கு மேற்படும். இந்த ஐந்து மடங்கும் வந்து விழுமிடம் அந்தச் சிரட்டை. வேகத்தைக் குறைப்பவருக்கு மலை தாழ்கின்றது. குறையாதவருக்கு அது உயர்கின்றது.

நாம் வேகத்தைக் குறைத்தோம். இன்னும் குறைத்தோம். ஆயினும் தாம்போதியின் நடுப்பகுதியை அணுகும்போது வலது முழங்காலில் அப்பழைய நோ முளைத்தது. முதலில் ஊசி நுனி போல. பின்னர் ஒவ்வொரு மிதிக்கும் ஒவ்வொரு சொல்லாக. திரும்பிப் போனால் அரைமணி நேரத்திற் சங்கானை. காற்றும் பின்னே நின்று தள்ளும். ஆயின் இன்று திரும்பினால், இனி இப்பக்கம் வரமாட்டோம் என்பது எமக்குத் தெரிந்தது. இன்று பொன்னாலை எல்லையாகும். அடுத்த ஆண்டு மானிப்பாய் எல்லையாகும். பின்னர் ஒருநாள் படலையே எல்லையாகும்.

அவ்வேளையில் பின்னாலிருந்து முதியவர் ஒருவர் வந்தார். கரியரில் வெறுமையான மீன்பெட்டி. அறுபத்தைந்து வயதுக்குக் குறையாத தோற்றம். முதுகைத் தாழ்த்தி, சிறு சிறு மிதியாய், நடைவேகத்துக்குச் சற்றே கூடிய வேகத்தில் வந்துகொண்டிருந்தார். எம் அருகே வந்ததும் எம் காலைப் பார்த்துவிட்டு, “தம்பி, இதிலை இறங்கி நடவுங்கோ. அங்காலை வடலிக்குள்ளை காத்துக் குறையும், அங்கை ஏறலாம்” என்றார்.

“நீங்களும் நடக்கிறனீங்களோ ஐயா?” என்று கேட்டோம்.

“ஆடி மாசத்திலை நடப்பன். இப்ப காத்துக் காணாது” என்று சொல்லிக்கொண்டே அவர் முன்னே சென்றார். எமக்கு மலையாய் நின்ற காற்று அவருக்கு இன்னும் காற்றாகவே தோன்றவில்லை.

இறங்கி நடந்தோம். வண்டியை உருட்டிக்கொண்டு, நீரையும் கொக்கையும் பார்த்துக்கொண்டு நடந்தோம். சைக்கிளில் செல்பவன் இறங்கி நடத்தலை எம்மவர் சிறிது இழுக்காகவே கருதுவர். ரயர் காற்றுப் போயிற்றா என்று கேட்பர். அன்று எமக்கு அந்நாணம் தோன்றவில்லை. பாலத்தின் மறுகரையில் வடலிகள் தொடங்கிய இடத்தில், அம்முதியவர் சொன்னபடியே காற்றுத் தணிந்தது. நோவும் பெரும்பாலும் அடங்கியிருந்தது. மீண்டும் ஏறினோம்.

காரைநகர்

ஈழத்துச் சிதம்பரம் என்று போற்றப்பெறும் காரைநகர்ச் சிவன் கோயிலிற் காலைப் பூசை முடியும் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தோம். நடராசப் பெருமானின் திருவுருவைச் சிறுவயது முதல் எத்தனையோ கோயில்களிற் கண்டிருக்கின்றோம். எம் கண் எக்காலமும் தூக்கிய திருவடிக்கே சென்றது. அன்று ஊன்றிய திருவடியைப் பார்த்தோம். முழுப்பாரத்தையும் தாங்கும் அந்த முழங்கால் விறைத்து நிற்கவில்லை. சிறிது வளைந்தே நிற்கின்றது. சிற்பிகள் கால்களை எவ்வளவு கூர்ந்து நோக்கினர் என்று வியந்து தொழுதோம். நிலத்தில் வீழ்ந்து வணங்க முழங்கால் இடந்தரவில்லை, நின்றபடியே வணங்கினோம்.

பின்னர் ஊர்காவற்றுறைக்குப் படகு செல்லும் துறைவரை மெல்லச் சென்றோம். அங்கிருந்து பார்த்தால் நீரின் நடுவே கடற்கோட்டை தெரியும். போர்த்துக்கேயர் எழுப்பிய அதற்கு ஒல்லாந்தர் ஹம்மன்ஹீல் என்று பெயரிட்டனர். பன்றித்தொடையின் குதிக்கால் என்பது அதன் பொருள். இலங்கைத் தீவு அவர்களுக்குப் பன்றித்தொடை வடிவினதாகத் தோன்றிற்றாம். இக்கோட்டை நிற்குமிடம் அதன் குதி. அவ்வாறாயின் அக்காலின் முழங்கால் நாம் கடந்துவந்த வலிகாமத்தில் எங்கேயோ இருத்தல் வேண்டும் என்று எண்ணித் தனியே நகைத்தோம்.

திரும்பும்போது காற்று எம் பக்கம். தாம்போதியில் பாய் விரித்த தோணி போல வண்டி ஓடிற்று. பெடலிற் கால் வெறுமனே சுழன்றது. காலையில் எம்மை இறக்கி நடப்பித்த அதே காற்று, இப்பொழுது முதுகிற் கைவைத்து வீட்டுக்கு அனுப்பிற்று. வெயில் ஏறுமுன் வீடு சேர்ந்தோம்.

பயணத்தின் பின்

அன்றிரவு முழங்கால் கனத்தது. மறுநாள் காலை அக்கனம் நீங்கியது. நோவு மறுநாட் காலைக்குள் தணியுமாயின் செய்த வேலை அளவானது. அதற்கும் அப்பால் நீடிக்குமாயின் அடுத்த முறை தூரத்தைக் குறைக்கவேண்டும் என்பது இயன்மருத்துவர் தந்த அளவுகோல். அந்த அளவில் இப்பயணம் தேறியது. எமது நோவு முற்றாக நீங்கிவிட்டது என்று சொல்வதற்கில்லை. படி இறங்கும்போது இன்றும் அது தன் இருப்பை அறிவிக்கின்றது. ஆயினும் கல்லூரிக்குச் சைக்கிளிலேயே செல்கின்றோம். காற்று மிகுந்த நாட்களிற் பதினைந்து நிமிடம் முன்னதாகப் புறப்படுகின்றோம். “விடுங்கோ” என்று சொன்ன வீட்டாரும் இப்பொழுது, “மெல்லப் போங்கோ” என்கின்றனர்.

இதனைப் படிப்போர் எல்லா முழங்கால் நோவையும் ஒன்றென்று கொள்ளலாகாது. மூட்டு வீங்கிச் சிவந்து சுட்டாலும், காய்ச்சலோடு நோவு வந்தாலும், மூட்டு இடையிற் பூட்டிக்கொண்டாலும், கால் தளர்ந்து மடிந்தாலும், விழுந்தபின் பாரம் வைக்க இயலாவிட்டாலும், இரவில் உறக்கத்தைக் கெடுக்குமளவுக்கு நோவு இருந்தாலும், தாமதியாது மருத்துவரிடம் செல்லவேண்டும். அத்தகைய காலுக்குச் சீற்றை உயர்த்துதல் மருந்தாகாது.

மற்றையோர்க்குச் சொல்லக் கூடியது இதுவே. தூரத்தை வாரத்துக்கு வாரம் சிறிது சிறிதாகக் கூட்டுக. பாரமான மிதியை விட்டு இலேசான மிதியைக் கொள்க. கரியரிற் சுமை ஏற்றும் நாளிற் காற்றையும் பார்த்து ஏற்றுக. பிள்ளைகளின் சீற்றைத் தவணைக்கு ஒருமுறை அளந்து பார்க்க. காரைநகர் போக விரும்புவோர் சோளக காலத்தில் விடியுமுன் புறப்படுக. பாலத்தில் இறங்கி நடக்க வெட்கப்படாதிருக்க. மறுகரையில் வடலிகள் உண்டு. அங்கே காற்றுக் குறையும்.